பள்ளியின் பெயர் "பாஸ்"! படிப்பது யார்? பலன் யாருக்கு?

"அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே பள்ளிக்கூடத்திலேயே தொழில் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். பையன் படிப்பு முடிந்த மறுநாளே சம்பாதிக்கப் போய்விடுகிறான். நம் ஊரில் மாதிரி பட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை!"

இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு நமது காது புளித்துப் போயிற்று. முதலாளிகளின் பத்திரிகைகள் பாடுகின்றன. மந்திரிமார்கள் மேடையில் பாடுகிறார்கள். வெளிநாடு சுற்றிவிட்டு வந்த கல்வி நிபுணர்கள் பாடுகிறார்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இதைக் கேட்டு, "நம் பிள்ளைக்கும் அப்படி ஒரு பள்ளி கிடைக்காதா?" என்று ஏங்குவது இயல்பே. கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை வேலையில்லாமல் திரிவதைப் பார்க்கிற தகப்பனின் ஏக்கம் அது. அந்த ஏக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. அந்த ஏக்கத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிறவர்களைத்தான் அம்பலப்படுத்த விரும்புகிறோம்.

ஆகவே பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பகுதியில், 49வது தெருவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. 2009ல் துவக்கப்பட்டது. தனியார் பள்ளி அல்ல. ஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கும் சர்க்கார் பள்ளி. சம்பளம் கிடையாது. படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்களின் பிள்ளைகள், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள். சுருங்கச் சொன்னால், நியூயார்க்கின் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்.

பள்ளியின் பெயர் "பிசினஸ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்". விளையாட்டு வியாபாரப் பள்ளி! ஓடவும் பந்தாடவும் கற்றுக் கொடுக்க ஏற்பட்ட பள்ளி அல்ல, தோழர்களே. விளையாட்டை வைத்து எப்படி வியாபாரம் செய்வது, எப்படி விளம்பரம் செய்வது, எப்படி விற்பது என்பதை மையமாக வைத்து ஏற்பட்ட பள்ளி. அந்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துச் சுருக்கி அழைத்தால் என்ன வருகிறது தெரியுமா? "பாஸ்"! ஆம், எஜமான். மில் கேட்டுக்குள் நாம் தினம் கேட்கிற அதே சொல்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, "நீயும் எஜமானாகலாம்" என்று வாசலிலேயே எழுதி வைத்தாற்போல் இருக்கிறது. எஜமான் ஒருவன் என்றால் கூலியாள் நூறு பேர் வேண்டும். அந்த நூறு பேர் எந்தப் பள்ளியிலிருந்து வருவார்கள்? இதுதான் நமது முதல் கேள்வி.

அந்தக் கட்டிடம் சொல்லும் கதை

இந்தப் பள்ளி இயங்கும் கட்டிடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அச்சகத் தொழிலாளத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அந்தக் கட்டிடம் அச்சுத் தொழில் பள்ளிக்காகக் கட்டப்பட்டது. 1925ல் தோன்றிய அந்தப் பள்ளி, 1950களின் கடைசியில் இந்தப் பெரிய கட்டிடத்துக்கு வந்தது. அதன் வெளிச்சுவரில் ஹான்ஸ் ஹாஃப்மன் என்ற புகழ்பெற்ற ஓவியர் 1958ல் அமைத்த வண்ணச் சில்லு ஓவியம் இன்றும் இருக்கிறது. உள்ளே கம்பாசிட்டர் வேலை, அச்சு யந்திரம் ஓட்டும் வேலை, பைண்டிங் வேலை. நியூயார்க் அன்று அமெரிக்காவின் அச்சுத் தலைநகரம். அச்சுக் கோப்பவர்களின் சங்கம் "பிக் சிக்ஸ்" என்று பெயர் பெற்ற ஆறாம் எண் கிளை. அதன் பலம் எப்படிப்பட்டது? 1962 டிசம்பரில் அது வேலைநிறுத்தம் துவக்கியது. 114 நாட்கள்! நியூயார்க்கின் பெரும் பத்திரிகைகள் எல்லாம் கட்டிலோடு கிடந்தன. கூலி மட்டும் பிரச்னை அல்ல. மனிதன் கையிலிருந்த வேலையைப் பிடுங்க வந்த புது யந்திரமும் பிரச்னை.

பிறகு என்ன நடந்தது? 1974ல் சங்கம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. புது யந்திரத்தை ஏற்றுக்கொள்வது. அதற்கு ஈடாக, இருக்கிற தொழிலாளிக்கு ஆயுள் வரை வேலை உத்தரவாதம். 1978 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' கடைசி முறையாக ஈய எழுத்தில் அச்சாயிற்று. இருந்தவர்களுக்கு வேலை இருந்தது; அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. அச்சுப் பள்ளி பெயர் மாறி, சிறுத்து, கடைசியில் 2016ல் மூடப்பட்டது. அந்தக் கட்டிடத்தைக் கூறு போட்டுப் பல சிறு பள்ளிகளை உள்ளே வைத்தார்கள். அவற்றில் ஒன்றுதான் "பாஸ்".

இந்தக் கதையிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? ஒரே தொழிலுக்கென்று பிள்ளையைத் தயார் செய்தால், அந்தத் தொழில் விழும்போது பிள்ளையும் விழுகிறான். தொழில் விழுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது யார்? பள்ளியா? வாத்தியாரா? தகப்பனா? இல்லை. மூலதனத்தின் சொந்தக்காரன்! லாபம் இருக்கும்வரை அவன் தொழிலாளியைத் தேடுவான். லாபம் வேறிடத்தில் தெரிந்ததும் தொழிலாளியைத் தெருவில் விட்டுவிட்டு ஓடுவான். அச்சிலே லாபம் போயிற்று. ஆட்டத்திலே லாபம் வந்தது. பள்ளியும் அச்சை விட்டு ஆட்டத்தின் பின்னால் போயிற்று.

ஒன்றை மறக்கக் கூடாது. அச்சுப் பள்ளியில் படித்தவன் ஓர் உற்பத்தித் தொழிலைக் கற்றான். கூடவே ஒரு சங்கத்தின் வாசற்படியில் நின்றான். விளையாட்டு வியாபாரம் படிப்பவன் எதன் வாசற்படியில் நிற்கிறான்?

யார் வீட்டுப் பணம்? யார் வீட்டு வியாபாரம்?

சரி, இந்த "விளையாட்டு வியாபாரம்" என்பது என்ன? பள்ளி துவங்கிய அதே 2009ம் ஆண்டைப் பார்ப்போம். நியூயார்க்கில் அந்த ஒரே ஆண்டில் இரண்டு பிரம்மாண்டமான பேஸ்பால் அரங்குகள் திறக்கப்பட்டன. பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறையான ஆட்டம். அமெரிக்க ஜனங்களுக்கு அதன்மேல் உயிர்.

ஓர் அரங்குக்கு சிட்டி வங்கியின் பெயர். பெயர் வைக்கும் உரிமைக்காக மட்டும் அந்த வங்கி ஆண்டுக்கு 2 கோடி டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். பேஷ்! பணக்கார வங்கி, கொடுக்கட்டும் என்கிறீர்களா? பொறுங்கள். அரங்கு திறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், 2008ன் பெரும் நெருக்கடியில், அதே வங்கி தள்ளாடி விழப்போயிற்று. அமெரிக்க சர்க்கார் ஜனங்களின் கஜானாவிலிருந்து 4,500 கோடி டாலரைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. "அந்தப் பணம் பின்னால் திரும்பி வந்துவிட்டதே" என்பார்கள். வங்கி திரும்பி எழுந்தது, சரி. அதே நெருக்கடியில் வீட்டை ஏலத்துக்குப் பறிகொடுத்த லட்சோப லட்சம் குடும்பங்களுக்கு வீடு திரும்பி வந்ததா?

இன்னோர் அரங்கு யாங்கி அணியுடையது. ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவு. அதில் சுமார் 120 கோடி டாலர் வரிச்சலுகை பெற்ற கடன் பத்திரங்கள் மூலம் திரட்டப்பட்டது. அதாவது சர்க்காருக்கு வரவேண்டிய வரி வராது. அணி முதலாளிக்கு மலிவு வட்டியில் கடன் கிடைக்கும். இடம் எது? தெற்கு பிராங்ஸ், அமெரிக்காவிலேயே மிகவும் ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்று. அங்கிருந்த பொதுப் பூங்காவின்மேல், பிள்ளைகள் இலவசமாக ஓடி ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின்மேல் அரங்கை எழுப்பினார்கள். 2006ல் வேலை துவங்கியது. பழைய அரங்கை இடித்த இடத்தில் ஈடாகத் தருவதாகச் சொன்ன மைதானம் 2012ல்தான் வந்தது. முதலாளியின் அரங்கு முதலில்; பிள்ளைகளின் மைதானம் மூன்று வருஷம் கழித்து!

இதுதான் விளையாட்டு வியாபாரத்தின் முதல் பாடம். ஏழைப் பிள்ளையின் விளையாட்டைப் பறித்து, பணக்காரனின் விளையாட்டு வியாபாரத்தை வளர்ப்பது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

குடியிருப்பையே பறித்த கதையும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி உழைப்பாளிகள் உயிராய் நேசித்த டாட்ஜர்ஸ் என்ற அணியை, அதன் முதலாளி 1957ம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிசுக்குப் போனான். அங்கே லாபம் அதிகம். அவனுக்கு அங்கே கிடைத்த நிலம் எது? மெக்சிகோ வம்சாவளி ஏழைகளின் குடியிருப்பு. "சர்க்கார் வீடு கட்டித் தருகிறோம்" என்று சொல்லி முன்பே அவர்களைக் காலி செய்ய வைத்தார்கள். பிறகு "சர்க்கார் வீடு கட்டுவது சோஷலிசம்!" என்று கூச்சல் போட்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். கடைசியாக எஞ்சிய குடும்பங்களை 1959ல் போலீஸ் இழுத்து வெளியே போட்டது. 1962ல் அரங்கு திறந்தது. பண்ணையை விட்டுக் குடிசையோடு வெளியேற்றப்பட்ட நமது விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

பழைய கதை என்று தள்ள முடியாது. 2022ல் நியூயார்க் மாகாண சர்க்காரும் எரி மாவட்ட நிர்வாகமும் பஃபலோ கால்பந்து அணியின் புது அரங்குக்கு 60 கோடியும் 25 கோடியுமாக 85 கோடி டாலர் பொதுப் பணம் தர ஒப்புக்கொண்டன. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் எஃகுக் கோட்டை. லக்கவானாவில் பெத்லஹேம் எஃகு ஆலையின் பெரும் பகுதி 1983ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். உலையைக் காப்பாற்றப் பணம் இல்லை. கோடீஸ்வரனுக்கு அரங்கு கட்டப் பணம் உண்டு!

வேலை கிடைக்குமாம். எந்த வேலை?

"அதெல்லாம் சரி, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் போதாதா?" என்று கேட்கும் தகப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா முழுவதிலும், அந்தக் கண்டம் பூராவிலும், நான்கு பெரிய ஆட்டங்களுக்கும் எத்தனை பெரிய அணிகள்? பேஸ்பாலுக்கு 30, கூடைப்பந்துக்கு 30, அமெரிக்கக் கால்பந்துக்கு 32, ஐஸ் ஹாக்கிக்கு 32. ஆக மொத்தம் 124. இந்த 124 கம்பெனிகளின் ஆபீசில் மேஜை போட்டு உட்கார எத்தனை பேர் தேவை? அதற்குப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். கூலியில்லாமல் பழகும் வேலைக்குக்கூடப் போட்டி. அப்பன் சோறு போட்டால்தான் கூலியில்லாமல் வேலை பழக முடியும். பிராங்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

ஆபீசில் சிலருக்கு இடம் கிடைக்கும். அந்தச் சிலரின் படத்தைப் போட்டுப் பள்ளியின் பெருமையைப் பாடலாம். ஆனால் விளையாட்டு வியாபாரத்தின் பெரும்பாலான வேலை ஆபீசில் இல்லை. அரங்கைக் கூட்டும் வேலை. கேட்டில் டிக்கெட் கிழிக்கும் வேலை. பீரும் பண்டமும் தூக்கிக்கொண்டு படிக்கட்டு ஏறி இறங்கும் வேலை. ஆட்டம் இருந்தால் வேலை, இல்லையென்றால் பட்டினி. நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் கூப்பிட்டு, மற்ற மாதங்களில் முகம் பாராத மிராசுதாரை நமக்குத் தெரியும். அமெரிக்க அரங்குத் தொழிலாளியின் வாழ்க்கையும் அப்படித்தான்.

2024 செப்டம்பரில் பிலடெல்பியாவில் மூன்று அரங்குகளிலும் தின்பண்டக் கடைகளை நடத்தும் அராமார்க் கம்பெனியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை என்ன? ஒரே கம்பெனிக்காக, ஒருவரே மூன்று அரங்குகளிலும் மாறி மாறி உழைத்தார். ஆனால் கம்பெனி ஒவ்வோர் அரங்கின் மணிக்கணக்கையும் தனித்தனியாகப் பார்த்தது. "தனித்தனியே மணி குறைவு, ஆகவே உனக்கு வைத்தியக் காப்பு இல்லை" என்றது. உழைப்பு ஒன்று, எஜமான் ஒருவன், கணக்கு மட்டும் மூன்று! நமது மில்களில் 'பதிலி' என்ற பெயரில் வருஷக் கணக்காக உழைத்தவனை நிரந்தரமாக்காமல் ஏய்க்கும் தந்திரம் இதற்கு அண்ணன் தம்பிதான்.

2025 ஜூலையில் பாஸ்டன் நகரின் பென்வே அரங்கில் அதே கம்பெனியின் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அரங்கின் 113 வருஷ வாழ்க்கையில் முதல் வேலைநிறுத்தம் அது. கூலி ஒரு கோரிக்கை. இன்னொன்று என்ன தெரியுமா? ஆளில்லாமல் தானே பீர் ஊற்றும் யந்திரத்தைக் கொண்டுவந்து வேலையைப் பறிக்காதே என்பது! 1962ல் நியூயார்க் கம்பாசிட்டர் எழுப்பிய அதே கோரிக்கை. அச்சு போய் ஆட்டம் வந்தாலும் எஜமானின் புத்தி மாறவில்லை.

ஆடுகிறவனும் தொழிலாளிதான்

விளையாட்டு வியாபாரத்தின் சரக்கு எது? ஆட்டக்காரனின் உடம்பு. இந்தச் சரக்கு ஒரு நாள் எழுந்து நின்று "நான் சரக்கல்ல, மனிதன்" என்று சொன்ன கதையை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

பேஸ்பாலில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. ஒரு முதலாளியிடம் கையெழுத்துப் போட்டவன் ஆயுள் முழுதும் அவனுக்கே சொந்தம். முதலாளி விற்றால் விற்பனை, வைத்துக்கொண்டால் வைப்பு. பண்ணையடிமை முறையேதான்! 1969ல் கர்ட் பிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை அவருடைய அணி பிலடெல்பியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. 12 வருஷம் அந்த அணிக்காக ஆடியவர். "போக மாட்டேன்" என்றார். வழக்குத் தொடுத்தார். 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் முதலாளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பிளட்டின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. ஆனால் அவர் தொட்டு ஆட்டிய சுவர் நிற்கவில்லை. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பில் அந்த விதி இடிந்து விழுந்தது.

அவருக்குத் துணை நின்ற ஆட்டக்காரர் சங்கத்தைக் கட்டியவர் யார்? மார்வின் மில்லர். எங்கிருந்து வந்தார்? வியாபாரப் பள்ளியிலிருந்து அல்ல. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து! 1966ல் அவர் பொறுப்பேற்றபோது குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். 1968ல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் அது 10,000 டாலர் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸ்பாலின் பெரிய அணிகளில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1936 முதல் விடாது எழுதியது யாருடைய பத்திரிகை? அமெரிக்கக் கம்யூனிஸ்டுகளின் 'டெய்லி ஒர்க்கர்'! அதன் விளையாட்டு ஆசிரியர் லெஸ்டர் ராட்னி. 1947ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கி அந்தத் தடையை உடைத்தார். உடைத்த பெருமை ராபின்சனுடையது. கறுப்பினப் பத்திரிகைகளோடு தோள் சேர்த்து அதற்குப் பாதை வெட்டிய கூட்டத்தில் நமது தோழர்களும் இருந்தார்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

"பாஸ்" பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் இருக்கலாம். இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கலாம். அவர்கள் மீது நமக்குப் பகையில்லை. நமது வழக்கு பள்ளியின் அஸ்திவாரத்தோடு. விளையாட்டை வியாபாரமாக மட்டும் பார்க்கிற கண்ணுக்குக் கர்ட் பிளட் ஒரு செலவுக் கணக்கு. மார்வின் மில்லர் ஒரு தொல்லை. அரங்கைக் கூட்டுகிற பெண் கணக்கிலேயே இல்லை.

பழைய கள், புதிய மொந்தை

"ஏழைப் பிள்ளைக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு? கைத்தொழில் போதும்." இது இன்று பிறந்த தத்துவம் அல்ல. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு இதைத்தான் உபதேசித்தார்கள். 1881ல் டஸ்கிகியில் துவங்கிய தொழிற்பள்ளிக்கு வடநாட்டுக் கோடீஸ்வரர்கள் பணத்தைக் கொட்டினார்கள். எஃகு அரசன் கார்னகி 1903ல் 6 லட்சம் டாலர் கொடுத்தான். தன் ஆலைத் தொழிலாளிகளைச் சங்கம் வைக்க விடாமல் 1892ல் ஹோம்ஸ்டெடில் துப்பாக்கிக்கு இரையாக்கிய அதே கம்பெனிக்காரன்! அவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கருணை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அதே 1903ல் எதிர்த்துக் குரல் கொடுத்தவர் பேரறிஞர் டுபாய்ஸ். கறுப்பினத்தவனுக்குக் கைத்தொழிலும் வேண்டும், உயர்கல்வியும் வேண்டும், வாக்குரிமையும் வேண்டும் என்று வாதாடினார். அந்தப் பெருமகன் தன் 93வது வயதில், 1961ல், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

சிகாகோ முதலாளிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1913 முதல் "கூலி மசோதா" என்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கூலி என்பது அதைக் கொண்டுவந்த கல்வி அதிகாரியின் பெயர். பெயர்ப் பொருத்தம் எப்படி! பள்ளிக்கல்வியை இரண்டாகப் பிளந்து, வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனி நிர்வாகம் வைப்பது அதன் நோக்கம். சிகாகோ தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். அறிஞர் ஜான் டூயியும் எதிர்த்தார். மசோதா மண்ணைக் கவ்வியது. தொழிலாளி வர்க்கம் தன் பிள்ளைகளின் படிப்புக்காகப் போராடி வென்ற பொன்னான அத்தியாயம் அது.

ஆனால் முதலாளித்துவம் தோற்ற சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டுக்கொள்ளும். 1917ல் மத்திய சர்க்காரின் தொழிற்கல்விச் சட்டம் வந்தது. 2006ல் அதன் பேரப்பிள்ளைச் சட்டத்தில் "தொழிற்கல்வி" என்ற பெயரை எடுத்துவிட்டு "வாழ்க்கைத்தொழில், தொழில்நுட்பக் கல்வி" என்று நாகரிகமாகப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரின் கீழ் பிறந்த பிள்ளைதான் "பாஸ்".

தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இது புரியாத விஷயமா? 1953ல் ராஜாஜி சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தை யார் மறப்பார்? பள்ளியில் அரை நேரம். மீதி அரை நேரம் அப்பன் தொழில். ஜனங்கள் அதற்குக் "குலக்கல்வி" என்று பெயர் வைத்தார்கள். திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமையரும் எதிர்த்தார்கள். 1954ல் திட்டம் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. நியூயார்க் பள்ளி குலக்கல்வி என்று நாம் சொல்லவில்லை. அங்கே பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தருவதில்லை. ஆனால் பணக்காரன் பிள்ளை பதினான்கு வயதில் இலக்கியமும் கணிதமும் விஞ்ஞானமும் தேர்ந்து, பின்னால் என்னவாகலாம் என்று யோசிக்க அவகாசம் பெறுகிறான். ஏழைப் பிள்ளையை மட்டும் பதினான்கு வயதிலேயே ஒரு வியாபாரத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வேர் ஒன்றுதான்.

நாம் தொழிற்கல்விக்கு விரோதிகளா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று நம்மை மடக்கப் பார்ப்பார்கள். உதவாதுதான். அதற்காக ஏழையின் கையிலிருந்து ஏட்டையே பிடுங்குவார்களா?

1866ல் ஜெனிவாவில் கூடிய முதலாவது அகிலத்தின் மாநாட்டுக்கு மாமேதை மார்க்ஸ் எழுதிக் கொடுத்த வழிகாட்டுதலில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. மூளைக்குப் படிப்பு, உடம்புக்குப் பயிற்சி, உற்பத்தி முறைகளின் பொது அறிவைத் தரும் தொழில்நுட்பக் கல்வி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கல்வி என்றார் அவர். கவனியுங்கள்: உடம்புக்குப் பயிற்சி என்றார். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்பது நமது கொள்கை. அதை விற்பது எப்படி என்பது அவர்களுடைய கொள்கை!

தொழில் தெரியட்டும். யந்திரத்தின் உள்ளும் புறமும் தெரியட்டும். கணக்கு எழுதத் தெரியட்டும். அந்தக் கணக்கில் உபரி எங்கே பிறந்தது, எங்கே போயிற்று என்று கேட்கவும் தெரியட்டும். முதல் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதியை மறைப்பது கல்வியல்ல. கூலிக்கு ஆள் பழக்குவது.

நமக்கு இதில் என்ன?

"எங்கோ நியூயார்க்கில் நடப்பது நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். அந்த நாற்று இங்கேயும் நடப்படுகிறது. மத்திய சர்க்காரின் 2020ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் பழக்கம் என்கிறது. புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் போய்ப் பழகு என்கிறது. அந்தப் பத்து நாளில் மில் முதலாளி மகன் குயவரிடம் மண் மிதிப்பானா? மிதித்தாலும் பதினோராவது நாள் அவன் எங்கே போவான், நம் பிள்ளை எங்கே போவான்?

விளையாட்டு வியாபாரமும் இங்கே கொழுத்து வளர்ந்துவிட்டது. ஐ.பி.எல். கிரிக்கெட்டை ஐந்து ஆண்டு படம் காட்டும் உரிமை மட்டும் 2022ல் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பள்ளிக்கு ஒழுங்கான மைதானம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நூல் ஆலையில் இரவு ஷிப்டில் நின்று நமது பெண்கள் நூற்கிற நூல் திருப்பூருக்குப் போய் விளையாட்டுப் பனியனாகிறது. கப்பலேறிப் போய், முதுகில் ஆட்டக்காரன் பெயரோடு பல மடங்கு விலைக்கு விற்கிறது. அந்த வியாபாரத்தின் அடிவாரத்தில் ஏற்கனவே நிற்பவர்கள் நாம்தான். அதை நமக்குச் சொல்லித்தரத் தனிப் பள்ளி வேண்டியதில்லை.

தோழர்களே! பள்ளி நிர்வாகக் குழுக்களில் பெற்றோருக்கு இடம் உண்டு. அந்தக் கூட்டங்களைக் கங்காணிகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் விட்டுவிடாதீர்கள். போய் உட்காருங்கள், கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான முழுக்கல்வி எங்கே? காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்பும் நாள் எது? சோதனைச்சாலை எங்கே? மைதானம் எங்கே? தொழில் கற்றுக் கொடுக்கிறாயா, கொடு. அதோடு தொழிற் சட்டத்தையும் சங்க உரிமையையும் சேர்த்துக் கொடு. பழகவரும் பிள்ளைக்குக் கூலி கொடு. படிப்பு முடித்தவனுக்கு வேலை கொடு!

"உன் மகனும் பாஸ் ஆகலாம்" என்று ஆசை காட்டுகிறவனிடம் நாம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: எங்கள் பிள்ளை யாருக்கும் எஜமானாக வேண்டாம், எவனும் எங்கள் பிள்ளைக்கு எஜமானாகவும் வேண்டாம். அதற்கு வேண்டிய படிப்பைக் கொடு!